பதிவு எண் 417, ஒரு ரூபாய், பொன்னிறம்

மனித குலம் எவ்வளவு தூரம் நாகரிகம் அடைந்திருக்கிறது என்பதைக் கோட்டைகளைக் கொண்டோ கோபுரங்களைக் கொண்டோ அளக்க முடியாது. அதன் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறையின் தேய்மானத்தைக் கொண்டே அளக்க முடியும். கொங்கு மண்டலப் புழங்கு நாணயத் தர நிர்ணயப் பேரவையின் விதிநூல் இப்படித்தான் தொடங்குகிறது. பேரவை போத்தனூரில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு சைக்கிள் ஸ்டாண்டின் மாடியில் இருந்தது. மாடிப்படி ஸ்டாண்டுக்குள் இருந்ததால், மேலே ஏறுகிறவர் சைக்கிளில் வந்தாலும் நடந்து வந்தாலும் ஐம்பது பைசா டோக்கன் வாங்கியாக வேண்டும். பேரவை உறுப்பினர்கள் பதினொருவரும் தங்களிடம் இருப்பதிலேயே மிகத் தேய்ந்த ஐம்பது பைசாவைத் தேடி எடுத்து ஸ்டாண்டுக்காரனுக்குக் கொடுத்தார்கள்.

சோழர் காசு, திப்பு காசு என்று சேர்க்கிறவர்களைப் பேரவை மதிப்பதில்லை. கிடைக்காததைச் சேர்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்பது அதன் கட்சி. டீக்கடையில் மிச்சம் கொடுக்கிற ஒரு ரூபாயை, பஸ்ஸில் கண்டக்டர் தருகிற நாலணாவை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, இது எந்த நாணயச் சாலையில் அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு, சாக்கில் கட்டி வைப்பது அதன் பணி.

தரம் போடும் முறையை வகுத்தவர் தலைவர் வெங்கடபதி. நூல் மில் முதலாளி. பஞ்சைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தே ரகம் சொல்கிற குடும்பம். காசும் அப்படித்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆகவே விதி நான்கு: தேய்மானத்தைக் கண் அறியாது, கட்டைவிரலே அறியும். ஒவ்வொரு காசையும் பதினொரு உறுப்பினர்களும் சிங்க முகத்தில் மூன்று தடவை, மறுபுறம் மூன்று தடவை கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே காசுக்கு மறுபரிசோதனை உண்டு. ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் காசு ஒரு படி கீழே இறங்கியிருந்தது. அரசாங்கம் அடிக்கிற நாணயங்களின் தரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிந்துகொண்டே போகிறது என்பதைப் பேரவை இவ்வாறு கண்டுபிடித்து டெல்லிக்கு நான்கு மனு அனுப்பியது. டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டுமென்று தலைவர் கேட்டார்.

இந்தப் பேரவையில்தான், தொண்ணூற்றேழாம் வருடம் சித்திரை மாதம், சாந்தா பேக்கரி தம்பிதுரை போய் மாட்டிக்கொண்டார்.

அந்த மாதம் போத்தனூரில் சில்லறைக்கு அப்படியொரு தவிப்பு. கண்டக்டர்கள் டிக்கெட்டின் முதுகில் மிச்சத்தை எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். சில்லறையெல்லாம் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலை பேக்கரியில் கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில், பேரவையின் செயலாளர் பாலுசாமி ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினார்.

"ஏனுங்க, ஒரு ரூவா வரோணுமுங்க."

"சில்லறையே இல்லீங்க. ரெண்டு தேன்மிட்டாய் எடுத்துக்குங்க."

"மிட்டாய்க்குத் தரம் போட முடியாதுங்களே."

"திங்கலாமுங்க."

"எனக்குச் சர்க்கரைங்க."

பாலுசாமிக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். பாலுசாமி நகரவில்லை. ரயில்வேயில் முப்பது வருடம் பார்சல் கிளார்க்காக இருந்தவர். அவசரப்படுகிறவர்களுக்கு முன்னால் நிற்பது அவருக்குக் கைவந்த கலை. தம்பிதுரை கல்லாவைத் துழாவினார், சட்டைப்பையைத் துழாவினார், கடைசியில் தலைக்கு மேலே மாட்டியிருந்த அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டார். அங்கே மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. மகள் கீதாவுக்கு நல்ல இடம் அமைந்தால் குலதெய்வத்துக்குப் போடுவதாக மனைவி சாந்தாமணி ஒரு ரூபாய் முடிந்து வைத்திருப்பது அவருக்குத் தெரியும். சாயங்காலம் வேறு காசு முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று அவிழ்த்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பாலுசாமி கடை வாசலுக்குப் போய், நூலில் கட்டிச் சட்டைப்பையில் போட்டிருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"இது எங்க கெடைச்சதுங்க?"

சாமி காசை எடுத்துக் கொடுத்தேன் என்று எட்டுப் பேர் முன்னால் சொல்ல முடியுமா? "கல்லாவுலதானுங்க" என்றார் தம்பிதுரை. பாலுசாமி அதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பன் பாக்கெட் வாங்க நின்றவர்கள் ஏதோ ரேஷன் கார்டு விஷயம் என்று நினைத்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது சாந்தாமணி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, வெள்ளிக்கெழமை தாராபுரம் போயி ஆத்தாளுக்குக் காணிக்கயப் போட்டுட்டு வந்துறலாமுங்க. போட்டதுக்கப்பறந்தான் பத்திரிகை அடிக்கோணும். முடிஞ்ச காசு முடிஞ்சபடியே போயிச் சேரோணும்."

முகூர்த்தம் வைகாசி இருபத்தெட்டு. மாப்பிள்ளை மதன்குமார் அன்னூர்ப் பையன். லேத் பட்டறை வைத்திருக்கிறான். நாலு வருடம் அலைந்து அமைந்த இடம். தம்பிதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் இப்படித்தான் முடிந்த காசை எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு உண்டியலில் வேறு காசைப் போட்டார். அடுத்த மாதமே கிணற்று மோட்டார் புகைந்துபோயிற்று. மோட்டாரைக் கழற்றி வேறு மாட்டலாம். கல்யாணத்தை எப்படிக் கழற்றி மாட்டுவது?

சாயங்காலமே ஐம்பது பைசா டோக்கன் வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். கையில் பளபளவென்று வேறொரு ஒரு ரூபாய். அதற்காகப் பெட்ரோல் பங்க்கில் அரை மணி நேரம் கெஞ்சியிருந்தார். மாடியில் சுவரோரம் மூன்று சாக்கு மூட்டைகள் கழுத்து நிறையக் கட்டி நின்றன. பாலுசாமி மேஜையில் உட்கார்ந்து ஒரு அட்டைச் சீட்டில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காசைக் குடுத்துப்போடுங்க. இதை வெச்சுக்குங்க. புதுசுங்க."

பாலுசாமி புதுக் காசை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். "இது மிகச் சிறப்பு" என்று சொல்லி உறையில் போட்டுச் சாக்கில் எறிந்தார். "அது வேறீங்க. அது பதிவாயிருச்சு. இந்த மாசக் கணக்குல எண் நானூத்திப் பதினேழு."

"ஏனுங்க, இப்பக் குடுத்த காசு?"

"இதுவும் பதிவாயிருச்சுங்க. நானூத்திப் பதினெட்டு."

பாலுசாமி பொறுமையாக விளக்கினார். பேரவையில் தரங்கள் ஏழு. கீழிருந்து மேலாக: தேறாது, சுமார், நன்று, மிக நன்று, சிறப்பு, மிகச் சிறப்பு, புழங்காதது.

"நன்றுன்னா நல்லதுங்களா?"

"இல்லீங்க. நன்றுன்னா மொகமே தெரியாதுங்க. மிக நன்றுன்னா மூக்கு மட்டும் தெரியும்."

"புழங்காத காசு எப்பிடீங்க சட்டப்பைக்கு வரும்?"

"வராதுங்க. அதனாலதான் அந்தத் தரத்தை இதுவரைக்கும் எந்தக் காசுக்கும் குடுக்கல. எங்க தரம் அவ்வளவு கறார்."

"சரீங்க. என்ற காசு எனக்கு எப்பத் திரும்பி வரும்?"

"சட்டப்படி பாத்தா அது உங்க காசே இல்லீங்க. நீங்க குடுத்த மிச்சம். ஆனா நீங்க முதல் கண்டெடுப்பாளர். மூணு நெலை பரிசோதனையும் முடிஞ்சு, பொருள் பேரவைக்கு வேண்டாம்னு தீர்மானம் ஆச்சுன்னா, திருப்பி வாங்கறதுல உங்களுக்குத்தான் முன்னுரிமை."

"வேணும்னு தீர்மானம் ஆச்சுன்னா?"

"உங்க பேரு கல்வெட்டுல வருமுங்க."

முப்பது வருடம் பார்சல் ஆபீஸில் இருந்தவர் உரியவரிடம் எதையும் உடனே கொடுத்ததில்லை என்பதை ஊர் அறியும். தம்பிதுரை இறங்கி வந்தார். போகும்போதும் டோக்கன் கேட்டான் ஸ்டாண்டுக்காரன். வாங்கித் தொலைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பேக்கரி அடுப்பு வெடித்துவிட்டது என்று சாந்தாமணியிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை மைதா லாரி வரவில்லை என்றார். இரண்டு வெள்ளிக்கும் நடுவில் முதல் நிலைப் பரிசோதனை நடந்தது.

மாடியில் பதினொரு பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெல்வெட் துணி, அதன்மேல் தம்பிதுரையின் ஒரு ரூபாய். பாலுசாமி எழுந்து நின்று படித்தார். "பதிவு எண் 417. ஒரு ரூபாய். எஃகு. வருடம் 1994. வருடத்துக்குக் கீழே புள்ளி, ஆகவே நொய்டா. சிறப்புக் குறிப்பு: பொன்னிறம்."

சபை பெருமூச்சு விட்டது. தலைவர் வெங்கடபதி கண்ணை மூடிக்கொண்டு பேசினார். நொய்டாவில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரோ ஒரு அதிகாரிக்கு ரூபாயைப் பொன்னிறமாக அடித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அடித்துப் பார்த்திருக்கிறான். மேலிடம் மறுத்துவிட்டது. ஒரே ஒரு காசு மட்டும் தப்பி, இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பயணம் செய்து, பேரவை இருக்கிற ஊரைத் தேடி வந்திருக்கிறது.

தம்பிதுரை கையைத் தூக்கினார்.

"அது மஞ்சத்தூளுங்க."

யாரோ இருமினார்கள். பாலுசாமி தாளைத் தேடி எடுத்தார். "கல்லாவுல கெடைச்சதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கறீங்க. கல்லாவுல எதுக்குங்க மஞ்சத்தூள்?"

தம்பிதுரை வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். மஞ்சள் நனைத்த துணி, முடிச்சு, அம்மன் படம், கீதா கல்யாணம், எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். "பாமரங்க கண்ணுக்கு அப்பிடித்தானுங்க தெரியும். அதுல தப்பு இல்லீங்க. ஆனா நாம சாஸ்திரப்படி போகோணும். நம்ம சென்னிமலை இருக்கறாரு. ஈரோட்டுல மஞ்ச மண்டி வெச்சிருக்கறாரு. அவரே பாத்துச் சொல்லட்டும்."

சென்னிமலை முன்னால் நகர்ந்து வந்தார். காசை முகர்ந்தார். லேசாக நக்கினார். மறுபடி முகர்ந்தார்.

"இல்லீங்க" என்றார். "மஞ்சள்னா ஒரு வாசம் இருக்கோணும். நாக்குல ஒரு காரல் இருக்கோணும். இதுல ஒரு எழவும் இல்லை. நாப்பது வருசமா மஞ்சள்ல பொரள்றவன் சொல்றேன், இது மஞ்சளே கெடையாது."

"உங்க மண்டி பாக்கெட்டுதானுங்க" என்றார் தம்பிதுரை. "உங்க பேரும் போட்டாவும் போட்டது. சாந்தா அதைத்தான் வாங்குவா."

சென்னிமலை நிமிர்ந்து பார்த்தார். "என்ற பாக்கெட்டுங்களா?"

"ஆமாங்க."

"நிச்சயமா?"

"அம்மன் சத்தியமாங்க."

சென்னிமலையின் முகம் தெளிந்தது. "அப்படீன்னா சந்தேகமே வேண்டாம். எழுதிக்குங்க பாலுசாமி. அந்தப் பாக்கெட்டுல மஞ்சள் இருக்கறதுக்கு வாய்ப்பே இல்லை."

பொன்னிறம் மஞ்சளால் ஆனதல்ல என்று பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அன்னூர் சம்பந்தி பேக்கரிக்கே வந்துவிட்டார். பன் சாப்பிடவில்லை, டீ மட்டும் குடித்தார். அதுவே நல்ல சகுனமில்லை.

"பத்திரிகை அடிக்கறதுல எதாச்சும் ரோசனைங்களா?" என்றார்.

"ஐயோ, ஒரு ரோசனையும் இல்லீங்க. சாமிக்குக் காணிக்கை போட்டுட்டு..."

"போடறதுதானுங்களே. தாராபுரம் என்ன காசியிலயா இருக்குது? பஸ்ஸு ஏறுனா ரெண்டு மணி நேரம்." சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "எங்க ஒறம்பரை, சொந்தபந்தத்துல ஆளாளுக்குப் பேசறாங்க. பொண்ணுக்கு வேற எடம் எதாச்சும் பாக்கறாங்களான்னு கேக்கறாங்க. நான் அப்படியெல்லாம் இல்லேன்னு சொல்லிப்போட்டேன். ஆனா எத்தன நாளைக்குச் சொல்றதுங்க?"

அன்று இரவு சாப்பிடும்போது கீதா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு இந்த எடம் புடிக்கலீங்களா?" தம்பிதுரை ஒரு ரூபாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சாந்தாமணி ரசம் ஊற்ற வந்தாள். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் நிலை, ரகசிய வாக்கெடுப்பு. கண்ணால் பார்த்த உத்தேசத் தரத்தை வாயால் சொன்னால் ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொல்லிவிடுவார் என்று, மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வதுபோலத் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்பது விதி ஒன்பது. பாலுசாமி ஒரு துண்டைக் கையில் போர்த்தி நடுவில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் கைவிட்டு, எத்தனையாவது தரமோ அத்தனை விரலைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். பத்தாவதாகச் சென்னிமலை வந்தார். மஞ்சள் மண்டிக்கு முன்னால் அவர் குடும்பத்துக்கு மாட்டுத் தரகுதான் தொழில். துண்டுக்குள் கை போனதும் ரத்தம் பேச ஆரம்பித்துவிட்டது.

பாலுசாமி அவர் விரலைப் பிடித்துப் பார்த்தார். சென்னிமலை பிடிபடாமல் இழுத்துக்கொண்டார். பாலுசாமி இரண்டு விரலை நீட்டினார். சென்னிமலை உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். பாலுசாமிக்கு வியர்த்தது. கால் மணி நேரம் துண்டுக்கு அடியில் ஏதோ பிராணி சண்டை போடுவதுபோல நடந்தது.

"தரத்தைச் சொல்லுங்க சென்னிமலை!" என்றார் தலைவர்.

"மொதல்ல அவரு சொல்லட்டுங்க" என்றார் சென்னிமலை. "வெலையை மொதல்ல சொன்னவன் கெட்டான்."

"இது வெலை இல்லீங்க, தரம்!"

"கைய விட்டா எல்லாம் ஒண்ணுதானுங்க."

கடைசியில் பாலுசாமி கையை உருவிக்கொண்டு, சுண்டுவிரல் பிசகிவிட்டது என்றார். வாக்கெடுப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. செயலாளர் விரல் தேறியதும் மறு வாக்கெடுப்பு. விரல் தேறப் பன்னிரண்டு நாளாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் தம்பிதுரை தினமும் காலையில் பாலுசாமிக்கு ஓசி டீ கொடுத்து, "விரல் எப்பிடி இருக்குதுங்க?" என்று விசாரித்தார். பாலுசாமி டீ கிளாஸை இடது கையால் பிடித்துக்காட்டினார். வாக்கெடுப்பு முடிந்தபோது வைகாசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பத்திரிகை அச்சாபீஸ்காரர் மஞ்சள் அட்டை தீர்ந்துபோகும் என்று ஆள் விட்டிருந்தார்.

மூன்றாம் நிலை, பேரவையின் ஆண்டு மாநாடு. தலைவருடைய மில் குடோனில் ஷாமியானா போட்டு நடந்தது. பார்வையாளர்களாக மில் தொழிலாளர்கள் முப்பது பேர் ஷிப்ட் முடிந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். தம்பிதுரைக்கு முன்வரிசையில் நாற்காலியும், சட்டையில் குத்திக்கொள்ள "முதல் கண்டெடுப்பாளர்" என்று ஒரு ரிப்பனும் கொடுத்தார்கள்.

தலைவர் வெங்கடபதி தலைமையுரை ஆற்றினார்.

"எங்க பாத்தாலும் சில்லறை இல்லை, சில்லறை இல்லைன்னு கூப்பாடு போடறாங்க. ஏனுங்க இல்லை? நான் கேக்கறேன். சனங்க காசைச் செலவழிக்கறாங்க. அதனாலதான் இல்லை. நம்ம பேரவையைப் பாருங்க. ஆறு வருசத்துல ஒரு காசு செலவழிச்சிருப்பமா? மூணு மூட்டை அங்க நிக்குது. என்ற ஊட்டுல ஏழு மூட்டை. போத்தனூர்ச் சில்லறை பூராத்தையும் நாமதான் பத்திரமாக் காப்பாத்தி வெச்சிருக்கறோம். நம்ம மில்லுல சம்பளக் கவர்ல சில்லறை போடறதையே நான் நிறுத்திட்டேன். கீழ எறக்கி ரவுண்டு பண்ணிடச் சொல்லிட்டேன். ஏன்? தொழிலாளிக்குக் காசை வெச்சுக்கத் தெரியாது. பொட்டாட்டம் சத்தமில்லாமப் போயி பஸ்ஸுக்குக் குடுத்துப்போடுவான். தேஞ்சுபோகும். அவன் காசு தேயக்கூடாதுங்கற ஒரே அக்கறைதானுங்க எனக்கு."

முப்பது தொழிலாளர்களும் கைதட்டினார்கள். கைதட்டச் சொல்லியிருந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க அரசாங்கம் உடனே இன்னும் அதிகமாக நாணயம் அடிக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது.

பிறகு 417ஐக் கொண்டுவந்தார்கள். இதுவரை யாரும் அதைக் கட்டைவிரலால் தொட்டதில்லை; இறுதி நிலையில்தான் கட்டைவிரல். தலைவர் முதலில் எடுத்தார். சிங்க முகத்தில் மூன்று தடவை, மறுபுறம் மூன்று தடவை, கண்ணை மூடி அழுத்தித் தேய்த்தார். "புழங்காதது" என்றார் நடுங்கும் குரலில். சபை எழுந்து நின்றது. அந்தத் தரம் பேரவை சரித்திரத்தில் முதல் தடவையாக வழங்கப்பட்டது. சென்னிமலை தேய்த்தார். "மிகச் சிறப்பு" என்றார். அடுத்தவர் தேய்த்தார். "சிறப்புங்க." அடுத்தவர் கொஞ்சம் தயங்கி, "மிக நன்று" என்றார். ஏழாவது ஆள் தேய்த்துவிட்டு, காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டாவது ஆள் பாலுசாமியைப் பார்த்தார். பதினொன்றாவது ஆள் கையில் இருந்தது ஊரில் எல்லார் பையிலும் இருக்கிற மாதிரி ஒரு வெள்ளை ஒரு ரூபாய்.

"சுமார்" என்றார் அவர்.

தலைவர் எழுந்து காசை வாங்கிப் பார்த்தார்.

"பொன்னிறம் எங்கீங்க?"

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"பாலுசாமி, பொருளை மாத்திட்டீங்களா?"

"ஐயா, பார்சல் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்தேன். ஒரு பொருள் காணாமப் போயிருக்குதே தவிர மாறுனதில்லீங்க."

ஆளுக்கு ஆள் குற்றம் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டினார்கள். முதலாவதாகச் சுட்டிக்காட்டியவரின் கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது. எதிரே நீண்ட கையின் கட்டைவிரலும் மஞ்சளாக இருந்தது. தலைவர் தன் விரலை வெள்ளை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் மஞ்சளாயிற்று, விரலும் மஞ்சளாகவே இருந்தது. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டார்கள், மண் போட்டார்கள். மஞ்சளில்லாத மஞ்சள்தூளானதால் போகவில்லை. பின்வரிசையில் ஒரு தொழிலாளி சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

பேரவை அங்கேயே அவசரமாகக் கூடி, பதிவு எண் 417 "சுமார்" தரத்தது, பொருள் பேரவைக்கு வேண்டாம் என்று தீர்மானித்தது. சபைக்குறிப்பில் கட்டைவிரல்களைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. பரிசோதனைக் கட்டணம் முப்பத்தைந்து ரூபாய் கட்டிவிட்டு முதல் கண்டெடுப்பாளர் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம்.

தம்பிதுரை ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்தார்.

"சில்லறை இல்லீங்களே" என்றார் பாலுசாமி. அவருக்குப் பின்னால் மாடியிலிருந்து மாநாட்டுக்காகக் கொண்டுவந்து அடுக்கிய மூன்று மூட்டையும் நின்றன.

தம்பிதுரை மூட்டைகளைப் பார்த்தார். பாலுசாமியைப் பார்த்தார். "மிச்சத்தை நீங்களே வெச்சுக்கிட்டு நல்லாத் தேயிங்க!" என்றார். ரசீதில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கி, உள் பாக்கெட்டில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு வேன் பிடித்து இரண்டு குடும்பமும் தாராபுரம் போயின. முதல் நாள் ராத்திரியே தம்பிதுரை புதுத் துணியில் மஞ்சள் நனைத்து அந்த ஒரு ரூபாயை முடிந்து சட்டைப்பையில் வைத்திருந்தார். அமராவதிப் பாலம் தாண்டும்போது ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தியிடம் லேத் பட்டறையைப் பற்றி விசாரித்தார். கீதா மாப்பிள்ளையின் தங்கையோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பூஜை முடிந்து உண்டியல் முன்னால் எல்லாரும் நின்றார்கள். தம்பிதுரை பெருமையோடு முடிச்சை எடுத்து நீட்டினார்.

"இந்தா அம்மிணி. உன்ற கையாலயே போடு."

சாந்தாமணி அதைப் பார்த்தாள். "இதை எதுக்குங்க எடுத்துட்டு வந்தீங்க?"

"கீதாளுக்கு நீ முடிஞ்சதுதானே? கடையில, படத்துக்குப் பின்னால..."

"கீதாளுக்கு முடிஞ்சது இதுங்க." அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, பழைய மஞ்சள் முடிச்சொன்றை வெளியே எடுத்தாள். "அரிசி டப்பாவுலதான் இருந்துது. நீங்கதான் வெள்ளிக்கு வெள்ளி ஒரு சாக்குச் சொல்லீட்டு இருந்தீங்க." காசைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டாள். டங் என்று விழுந்தது.

சம்பந்தியால் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. "அப்ப அது ஆருக்கு முடிஞ்சதுங்க?"

"இவீங்களுக்குத்தானுங்க" என்றாள் சாந்தாமணி. "நாள் பூராக் கல்லாவுலயே உக்காந்திருக்கறாங்கல்ல. அந்த எடத்துக்கு நேர் மேல இருக்கட்டும்னுதான் கடையில வெச்சேன். கொணமாகறதுக்கு முந்தி இதைப் போடக் கூடாதுங்க."

தம்பிதுரைக்கு மூன்று வருடமாக மூலம்.